ஐந்து ஐம்பத்திரண்டு

மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவில்
ஆறடிக்கு நாலடி என் இடம்.
தமிழுக்குப் பக்கம் முப்பது, இங்கிலீஷுக்கு இருபத்தைந்து.
ஏன் தமிழுக்கு அதிகம் என்பார்கள்.
இங்கிலீஷில் பாதி ஏற்கெனவே அடித்துக் கிடக்கிறது,
பெயரை மாற்றினால் போதும்.

வக்கீல் தனகோடி சொல்லச் சொல்ல அடித்தேன்:
மேல்முறையீட்டாளர் குற்றத்தை மறுக்கவில்லை.
தண்டனையின் நீளத்தை மட்டும்.

ஸ்டூலில் கலைமதி,
ஐஸ் கம்பெனி ஈரம் காயாத சேலைக்கரை.
அவள் புருஷன் அஞ்சாப்புலி
ரெட்டிச்சாவடி தாண்டி ரோட்டோரத்தில்
குழுக்கடன் வசூல்காரரின் பையைப் பறித்தான்.
நாற்பத்தோராயிரத்து முந்நூறு.
அன்று காலை கலைமதி கட்டிய தவணையும் அதில்தான்.
கையில் கத்தி இல்லை, டார்ச் லைட்.
அதால் தோளில் ஒரே அடி.

பதினோரு வருஷம்.

வெறும் வழிப்பறி என்றால் பத்தைத் தாண்ட முடியாதாம்.
நெடுஞ்சாலையில்,
பொழுது சாய்ந்து விடிவதற்குள் என்றால்
பதினாலு வரை நீளுமாம்.
அன்று பொழுது சாய்ந்தது ஐந்து நாற்பது.
பை கைமாறியது ஐந்து ஐம்பத்திரண்டு.

யாரோ வெள்ளைக்காரர் எழுதிய வரி.
குதிரை வண்டி, காட்டுப் பாதை,
முகமூடிக்காரன் மீது அவர் தாத்தாவுக்கு இருந்த பயம்.
அவர் ஊரில் அந்தி
ஊறப்போட்ட துணி மாதிரி நெடுநேரம் கிடக்குமாம்.
இங்கே கடல் கிழக்கே கிடக்க
சூரியன் ஜெயில் இருக்கிற கேப்பர் மலைப் பக்கம்
பொத்தென்று விழுகிறது.
புதுச் சட்டம் வந்து எண் மாறியது.
அந்தி மாறவில்லை.

‘முகம் எப்படித் தெரிந்தது?’ என்று கேட்டதற்கு
வசூல்காரர் கூண்டில் சொன்னார்:
‘நல்ல வெளிச்சங்க. மூக்கு மச்சம்கூடத் தெரிஞ்சுது.’
மச்சம் காண வெளிச்சம்,
வருஷம் கூட்ட இருட்டு.
‘இதுக்கு அடிக்கோடு போடும்மா’ என்றார் தனகோடி.
‘டார்ச்சை அவன் ஏத்தவே இல்ல, அதையும் சேரு.’
போட்டேன். சேர்த்தேன்.

கலைமதி கேட்டாள்:
‘எத்தினி பக்கம் அடிச்சா
எத்தினி வருஷம் கொறையும்?’
பதினேழு பக்கம் வந்திருந்தது.
பதினைந்துக்குத்தான் காசு வாங்கினேன்.
ஏன் இரண்டை விட்டேன் என்று வீட்டில் சொல்லவில்லை.

அடுத்த வாரம் பிரகலாதன் வந்தார்.
பெயரைச் சொன்னதும்தான் பிடிபட்டது, அந்த வசூல்காரர்.
பறிபோன பணத்தைக் கம்பெனி
அவர் சம்பளத்தில் பிடிக்கிறது, மாசம் இரண்டாயிரம்.
நிறுத்தச் சொல்லி மனு.
நாற்பத்தோராயிரத்து முந்நூறு.
அதே எண்ணை அதே விரல்கள் அடித்தன.
‘இருபத்தோரு மாசம் பிடிப்பாங்களாம்’ என்றார்.
கையெழுத்துக்குக் குனியும்போது
இடது தோள் கூடவே வரவில்லை.
அவனுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டார்.
சொன்னேன்.
பேனா மூடியைக் கொஞ்ச நேரம் தேடினார்.
சட்டைப் பையில்தான் இருந்தது.
‘தோள் வலிக்குது, அது நெசம்’ என்றார்.
வேறு எதுவும் சொல்லவில்லை.

நவம்பரில் அதே தேதி வந்தது.
ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ட்யூப் லைட்டை அணைத்தேன்.
ரோட்டில் போகிறவர்கள் முகம் தெரிந்தது.
பிரியாணிக் கடைப் பையன் சிரித்தது தெரிந்தது.
கையிலிருந்த தாளில் என்ன அடித்திருக்கிறது என்று
தெரியவில்லை.

சென்னையிலிருந்து உத்தரவு வர
இன்னும் ஒரு வருஷமும் நாலு மாசமும்.
பதினொன்று ஏழாயிற்று.
ரிமாண்டில் கிடந்த நாளும் கழியும்.
அந்தியைப் பற்றி நீதிபதி ஒரு வார்த்தை எழுதவில்லை.
குடும்பச் சூழல், முதல் குற்றம், அவ்வளவுதான்.
அடிக்கோட்டை அவர் பார்த்தாரா என்று
தனகோடிக்கும் தெரியாது.

கலைமதி விரல்விட்டு எண்ணினாள்,
ஐஸ் பிடித்து வெளுத்த விரல்கள்.
ஒரு கை முடிந்து
அடுத்த கையில் பாதியில் நின்று
மறுபடி முதலிலிருந்து.
‘நாலு காப்பி எடுங்கக்கா’ என்றாள்.
எதற்கு நாலு என்று நான் கேட்கவில்லை.